என்ன வாசனை என்று நான் கேட்கவில்லை

காலை பதினொன்று இருபதுக்கு என் போன் அடித்தது. அடுத்த நிமிஷத்துக்குள் நான் தவறான பதிலைச் சொல்லி, போனைக் கைப்பைக்குள் போட்டும் விட்டேன். துப்புரவுப் பொருள் தயாரிக்கும் இந்தத் தொழிலில் இப்போது காலெடுத்து வைத்திருக்கும் உங்களுக்கு நான் எழுத நினைத்தது அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான். மற்றதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். எதை எத்தனை பங்கு தண்ணீரில் கலப்பது, எந்தத் தரைக்கு எது ஆகாது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

நான் வேலையை விட்டுவிட்டேன். ஓய்வு பெறும் வயது இன்னும் ஆகவில்லை. உங்களோடு உட்கார்ந்து வேலை செய்கிற எஸ்தர் என் மகள். அவள்தான் எழுதச் சொன்னாள். "நான் சொல்ல ஆரம்பிச்சா பாதியிலேயே இருமல் வந்துடுதும்மா, நீ எழுது" என்றாள். அந்த இருமல் உடம்பினால் வருவதா, ஞாபகத்தினால் வருவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த அறையில் அவள் இருமினால் நான் இப்போதும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். செம்பூரில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தபோது இந்தத் தொழில் என்றால் மூன்றே பொருள்தான்: ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர். பம்பாயில் எந்தப் பெரிய கட்டடத்தின் கழிவறைக்குப் போனாலும் இந்த மூன்றின் நாற்றம் கலந்து வரும். துடைக்கிற பெண்களின் விரல் இடுக்குகள் வெடித்திருக்கும். கையைக் காட்டச் சொன்னால் வெட்கப்பட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள். அந்த ஆசிட்டெல்லாம் கடைசியில் சாக்கடை வழியாகக் கழிமுகத்துக்குத்தான் போகும்.

எங்கள் முதலாளி மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். பெயரைச் சொல்ல வேண்டாம். ஆசிட் இல்லாமல் கழிவறைக் கறையை எடுக்க முடியும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். கரும்புச் சக்கையிலிருந்தும் பழத்தோலிலிருந்தும் கிடைக்கிற புளிப்பைக் கொண்டு ஒரு திரவம் செய்தோம். சாயம் போடவில்லை, வாசனை போடவில்லை. இரண்டுமே தண்ணீரில் கரைந்து போகாத குப்பை என்பது அவர் கட்சி. கேன்களையும் புதிதாக வாங்காமல், காலியானதைத் திரும்ப எடுத்துக் கழுவி நிரப்பினோம். அது நல்ல சரக்கு. இன்றைக்கும் அதை நல்ல சரக்கு என்றுதான் சொல்வேன். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. சரக்கு மோசமாக இருந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அதை விற்பதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். வாடிக்கையாளர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டு, விரலை முக்கி நாக்கில் வைத்துக் காட்டுவார். "எலுமிச்சம்பழம் சார், அவ்வளவுதான். ஆசிட் கம்பெனிக்காரனை இதைச் செய்யச் சொல்லுங்க பார்ப்போம்" என்பார். அந்த இடத்திலேயே ஆர்டர் விழும். அவரைப் பார்த்து நாங்களும் செய்தோம். நான் செய்தேன். எஸ்தர் படிப்பை முடித்து எங்கள் கம்பெனியிலேயே பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவளும் செய்தாள். அவளுக்கு அது நன்றாக வந்தது. நாக்கில் வைத்துவிட்டு, "உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தா கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கலாம்" என்பாள். கூட்டம் சிரிக்கும்.

செம்பூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் எங்கள் சரக்கைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். பிடித்துப்போனால் அங்கே துப்புரவு வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரரின் எல்லாக் கட்டடங்களுக்கும் எங்கள் சரக்குதான். அந்த வாரம் முழுவதும் அங்கே இருந்து துடைக்கிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எஸ்தரிடம் கொடுத்தேன். மகள் என்பதற்காகக் கொடுத்தேனா, திறமைக்காகக் கொடுத்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

அங்கே வேலை செய்தவர்களில் மூத்தவர் செல்லம்மாள். தாராவியில் குடியிருப்பவர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான். முதல் நாள் நானும் போயிருந்தேன். செல்லம்மாள் கேனைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஏ பிள்ள, இதுல ஒண்ணுமே இல்லையே. பச்சத் தண்ணியாட்டுல்லா இருக்கு."

"வாசனை வேற, சுத்தம் வேற அக்கா" என்றாள் எஸ்தர்.

"நுரையும் வரல. நுரை வராம அழுக்கு எப்படிப் போவும்?"

"நுரைங்கிறது சும்மா ஷோ அக்கா. உள்ளே ஒண்ணும் கிடையாது."

"அப்ப எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு" என்றார் செல்லம்மாள். பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தமிழ் தெரியாத சூப்பர்வைசர் பாவம், தானும் சிரித்தார்.

எஸ்தர் விரலை முக்கி நாக்கில் வைத்துக் காட்டினாள். செல்லம்மாள் அவள் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தார். "கூறுகெட்டவளே, கக்கூஸ் கழுவுறத நக்குதியே!" என்றார். பிறகு அவரும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "புளிக்கத்தான் செய்யுது" என்றார்.

இரண்டு நாள் கழித்து எஸ்தரிடம் தன் கைகளை விரித்துக் காட்டினாராம். எரிச்சல் இல்லை, வீட்டில் மிளகாய் அரைக்க முடிகிறது என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து எஸ்தர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான் அது.

அந்தக் காலை நான் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். மண்டபத்து மேனேஜருக்கு டெமோ காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. அவர் எனக்குக் காபி சொல்லிவிட்டு, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எஸ்தர் கூப்பிட்டாள்.

"அம்மா, செல்லம்மாக்கா பேஸ்மென்ட் டாய்லெட்ல ஒரேயடியா இருமுறாங்க. உட்கார்ந்துட்டாங்க. எழுந்திரிக்க முடியலன்னு கத்துறாங்க."

"எதை ஊத்தினாங்க?"

"நம்ம லிக்விட்தான். கேன் வாசல்லயே இருக்கு."

"நம்மதுன்னா ஒண்ணும் பண்ணாது. பிரஷர் கிஷர் இருக்கும். போய்க் கைத்தாங்கலா கூட்டிட்டு வா."

"உள்ளே போலாமா?"

"போடி. எலுமிச்சம்பழத்துக்குப் போய்ப் பயப்படுற."

"இல்லம்மா, இங்கேயே மூக்கு எரியுது, அதான் கேட்டேன். சரி, போறேன்."

அவள் வைத்துவிட்டாள். நான் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பாட்டிலைத் திறந்து, "பாருங்க சார், வாசனையே கிடையாது" என்று அவர் பக்கம் நீட்டினேன். பழக்கத்தில் நானும் ஒருமுறை மோந்து பார்த்தேன்.

ஒரு வாசனையும் இல்லை.

மூக்கு எரியுது என்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. எங்கள் சரக்கு யார் மூக்கையும் எரிக்காது. அங்கே எரிவது வேறு ஏதோ. எங்கள் சரக்கு புளிப்பு. புளிப்போடு எது சேர்ந்தால் மூடிய அறையில் மூக்கு எரியும் என்பது கெமிஸ்ட்ரி படித்த எவருக்கும் தெரியும். பிளீச்சிங் பவுடர். ஆசிட்டாக இருந்தாலும் எலுமிச்சையாக இருந்தாலும் பவுடருக்கு இரண்டும் ஒன்றுதான். குளோரின் கிளம்பும்.

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, யாரையும் உள்ளே விடாதீர்கள், கார் இறங்குகிற ஷட்டரை முழுக்கத் திறங்கள், எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள் என்று எனக்கு வந்த இந்தியில் கத்தினேன். அதற்கு அவர், "மேடம், ஆப்கி பேட்டி தோ அந்தர் சலி கயி" என்றார். உங்கள் பெண் உள்ளே போய்விட்டாளே என்கிறார். தமிழில் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ தெரியாது. இந்தியில் அது முதலில் வெறும் சத்தமாக வந்து, பிறகுதான் பொருளாக மாறியது. அந்த இடைவெளியில் நான் நிம்மதியாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

டாக்சியில் சயான் தாண்டி மழைத் தண்ணீரில் வண்டிகள் நின்றுவிட்டன. அவள் அப்பா புனேவில் இருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? நான்தான் போகச் சொன்னேன் என்றா? சூப்பர்வைசருடன் மட்டும் பேசிக்கொண்டே இருந்தேன். வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வாட்ச்மேன் போகப்போகிறார் என்றார். போக வேண்டாம், துணி தடுக்காது, காற்று வரட்டும் என்றேன். சொன்ன பிறகு அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. உள்ளே இருப்பது என் மகள். அவளை எடுக்கப் போகிறவனை நான் தடுக்கிறேன். முந்திய பதில் தப்பு, இது சரி. ஆனால் தப்பான பதில் தானாக வாயில் வந்தது. சரியானதை ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித்தான் சொல்ல முடிந்தது.

வாட்ச்மேன் நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஷட்டர் திறந்து சிறிது நேரத்திலேயே இறங்கிவிட்டார். எஸ்தர் செல்லம்மாளைக் கழிவறைக் கதவுக்கு வெளியே வரை இழுத்து வந்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து விழுந்திருந்தாள். வாட்ச்மேன் இருவரையும் ஒவ்வொருவராகச் சரிவுப் பாதையில் மேலே கொண்டுவந்து மழையில் கிடத்தினார். அவர் செய்தது தப்பு என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். சொல்லித்தரட்டும். எனக்கு அவரிடம் சொல்ல வேறு வார்த்தை இருந்தது. அதையும் நான் சரியாகச் சொல்லவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எஸ்தர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கண்கள் வீங்கி மூடியிருந்தன. என் குரலைக் கேட்டதும் மாஸ்க்கை நகர்த்தி, "அக்கா?" என்றாள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருக்கிறார் என்றேன். திரைக்குப் பின்னால் செல்லம்மாள் மூச்சு விடும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி அதிர்வது போல இருந்தது.

டாக்டர் என்ன கலந்தது என்று கேட்டார். அதற்குச் சற்று முன்னால் முதலாளி போனில் பேசியிருந்தார். "பிளீச்சிங் பவுடர் வாயுன்னு சொல்லும்மா. அது பொய் இல்லையே" என்றார். பொய் இல்லைதான். பாதி உண்மை. அவரும் பயந்துபோயிருந்தார், என் மகள் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. நான் டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன். பெரிய தைரியமெல்லாம் இல்லை. கட்டிலில் கிடந்தது என் பிள்ளை, அவ்வளவுதான். வேறு யாருடைய பிள்ளையாகவாவது இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உறுதியாக எனக்குத் தெரியாது. அந்தச் சோதனை உங்களுக்கு வரும்போது, கட்டிலில் கிடப்பது உங்கள் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

எஸ்தர் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். செல்லம்மாள் பிழைத்தார். ஆனால் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. தாராவியில் அவர் வீடு மாடியில் இருக்கிறது. இரும்பு ஏணி ஏறித்தான் போக வேண்டும். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார். ஒப்பந்தக்காரர், சொன்னதை மீறிக் கலந்தார் என்று அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். கலக்கக் கூடாது என்று கேன் மேலேயே எழுதியிருந்தது என்றார். எழுதியிருந்தது உண்மை. இங்கிலீஷிலும் இந்தியிலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. முன்பக்கத்தில் பெரிதாக ஓர் இலை போட்டிருந்தோம். எல்லாருக்கும் படிக்கத் தெரிந்தது அந்த இலையைத்தான்.

ஏன் கலந்தீர்கள் என்று நான் செல்லம்மாளிடம் கேட்கவில்லை. அவராகத்தான் ஒருநாள் சொன்னார். மழைக்குச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு பேஸ்மென்ட் முழுக்க நாற்றமாம். மதியம் யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்று சூப்பர்வைசர் விரட்டியிருக்கிறார். எங்கள் சரக்கு கறையை எடுத்தது, நாற்றத்தை எடுக்கவில்லை. மழைக்காலத்துக்கு என்று வைத்திருந்த பவுடரைத் தரை முழுக்கத் தூவி, அதன் மேல் எங்கள் கேனைக் கவிழ்த்திருக்கிறார்.

"ஆசிட்டா இருந்தா தொட்டிருப்பேனா?" என்றார். "அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துலகூட வைக்க மாட்டோம். புதுசா வாற பிள்ளைகளுக்கு மொத நாளே சொல்லிருவோம். இது நல்லதுன்னுல்லா சொன்னீங்க."

அந்தப் பெண்கள் வருஷக்கணக்காக ஆசிட்டோடு பழகி, ஒரு பயத்தைச் சம்பாதித்து வைத்திருந்தார்கள். எதை எதோடு சேர்க்கக் கூடாது, எப்போது கதவைத் திறந்து வைக்க வேண்டும், எப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று ஒருத்தி அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்த பயம். நாங்கள் ஆசிட்டை எடுத்தோம், கூடவே அந்தப் பயத்தையும் எடுத்தோம். அது இருந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. நாக்கில் தொட்டுக் காட்டினோம், சிரிக்க வைத்தோம். பயம் போனது அவர்களுக்கு மட்டுமல்ல. போனில் மகள் கேட்டபோது எனக்கும் அது இல்லை. நான் ஒரு கெமிஸ்டாகப் பதில் சொல்லவில்லை, விற்பனைக்காரியாகச் சொன்னேன். விற்கிற வாசகத்தை நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால், அவசரத்தில் முதலில் வெளியே வருவது அதுதான்.

அதன் பிறகு முதலாளி நாக்கில் வைப்பதை நிறுத்தினார். இலையைச் சிறிதாக்கி, எச்சரிக்கையைத் தமிழ், மராத்தி உட்பட எல்லா மொழியிலும் முன்பக்கம் கொண்டுவந்தோம். கலக்கக் கூடாததைப் படமாகவும் போட்டோம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நான் விலகினேன். எஸ்தர் விலகவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோபர்கைரனேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இருக்கிறது என்றேன். "ஆசிட் திரும்பி வரட்டும்னு சொல்றியா?" என்று கேட்டாள். இப்போது தினமும் அவள் கிளம்பிப் போன பிறகு, மத்தியானம் வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உங்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வரும்போது, எதை ஊற்றினார்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன வாசனை என்று கேளுங்கள். அங்கே வேறு என்ன டப்பா இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை யாரையும் உள்ளே போகச் சொல்லாதீர்கள். போகச் சொன்ன பிறகும் கூப்பிடுகிறவர் "போலாமா?" என்று கேட்டால், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். எஸ்தர் கேட்டாள். நான் கேலி செய்தேன்.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

மதியம் முதலாளி வந்துவிட்டார். ஒப்பந்தக்காரரின் ஆளும் வந்தார். இருவரும் வராந்தாவில் எனக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, செல்லம்மாளின் கணவர் வந்தால் யார் பேசுவது, என்ன பேசுவது என்று தணிந்த குரலில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடுவார், கூட்டத்தோடு வருவார் என்று ஒப்பந்தக்காரரின் ஆள் சொன்னார். என்ன கேட்டாலும் விசாரித்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள் மேடம் என்றார். நான் தலையாட்டினேன்.

கடைசியில் அவர் வந்தார். தனியாகத்தான் வந்தார். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை, பெயர் முருகேசன். தலையெல்லாம் மழை. விரல்களில் பசை காய்ந்திருந்தது. திரையை விலக்கி மனைவியைப் பார்த்தார். செல்லம்மாளின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். முதலாளி தொண்டையைச் செருமினார். முருகேசன் அவரைக் கவனிக்கவில்லை.

"மேடம், இந்த மருந்து நல்லதுன்னு அவ ஒரு பாட்டில்ல ஊத்தி வீட்டுக்கும் கொண்டாந்துருக்கா. பாத்ரூம்ல பவுடர் டப்பாக்குப் பக்கத்துலதான் இருக்கு. பிள்ளைய ரெண்டும் இப்ப பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், வீட்டுல வேற ஆள் இல்ல. அதுகள அதைத் தொடாதன்னு சொல்லவா, வீட்டுக்குள்ளயே போவாதன்னு சொல்லவா?"